முற்றதிகாரம் இடதா, வலதா? ஸ்ரீபெரும்புதூர் சாலையிலிருந்து ஒரு விசாரணை

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும். தெற்கே திரும்பி ஒரகடம் போனால் ரெனால்ட், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. இந்தப் பெயர்ப் பலகைகளை முதலீடு, வேலைவாய்ப்பு என்றே படித்துப் பழகிவிட்டோம். இவற்றில் பல, இருபதாம் நூற்றாண்டின் கொடிய ஆட்சிகளுக்குள்ளே வளர்ந்து வந்தவை என்பதைக் கவனிப்பதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது டெய்ம்லர்-பென்ஸ் ஆலைகளில் வதைமுகாம் கைதிகளும், பிடித்துவரப்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர்களும் அடிமைகளாக உழைத்தார்கள். பிரான்சில் நாஜிகளோடு ஒத்துழைத்த குற்றச்சாட்டில் 1944இல் கைதான லூயி ரெனால்ட் காவலில் இருந்தபோதே இறந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவருடைய கம்பெனி நாட்டுடைமையானது. ஹூண்டாயும் சாம்சங்கும் பெருநிறுவனங்களாக எழுந்தது தென்கொரியாவில் பார்க் சுங் ஹீயின் கம்யூனிச எதிர்ப்புச் சர்வாதிகாரத்தின்போது. ஃபாக்ஸ்கானின் தாய் நிறுவனம் 1974இல் தைவானில் தொடங்கியது. அங்கே 1949 முதல் 1987 வரை நீடித்த ராணுவச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. அதுவும் கம்யூனிச எதிர்ப்பு ஆட்சிதான். அங்கிருந்து அந்த நிறுவனம் கடல் தாண்டிச் சீனாவின் ஷென்ஷென் நகருக்குப் போய், கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சியில் உலகின் மிகப் பெரிய மின்னணு ஒப்பந்த உற்பத்தியாளராக வளர்ந்தது. கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அரசு ஒன்று, கம்யூனிஸ்டுகளே நடத்தும் அரசு இன்னொன்று. இரண்டிலும் ஒரு சட்டம் மட்டும் மாறவே இல்லை: தொழிலாளர் தாங்களாகக் கூடி, கட்சிக்கோ அரசுக்கோ கட்டுப்படாத ஒரு சங்கம் அமைக்க முடியாது.

முற்றதிகாரக் கொள்கைகளை இடது-வலது வரிசையில் எங்கே வைப்பது என்ற பழைய சண்டைக்கு இந்தச் சாலையே ஒரு வழி காட்டுகிறது என்று நினைக்கிறேன். முற்றதிகாரம் என்று நான் சொல்வது வெறும் அடக்குமுறை ஆட்சியை அல்ல. எதிர்ப்பவனைச் சிறையில் தள்ளுவதோடு நிற்காமல், வேலை, படிப்பு, நட்பு, ஓய்வு என்று வாழ்வின் எல்லா மூலைகளையும் ஒரே தலைமை, ஒரே கொள்கை, ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவரப் பார்க்கும் ஆட்சி அது. மக்கள் அரசியலில் தலையிடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் சாதாரணச் சர்வாதிகாரிக்குப் போதும். முற்றதிகாரிக்கு அது போதாது. வாயைத் திறந்து வாழ்த்தவும் வேண்டும்.

சண்டை நமக்குத் தெரிந்ததுதான். ஹிட்லரின் கட்சிப் பெயரிலேயே 'சோசலிசம்', 'தொழிலாளர்' என்ற சொற்கள் உண்டு, முசோலினி ஒரு காலத்தில் சோசலிஸ்ட் கட்சி நாளிதழின் ஆசிரியர், ஆகவே பாசிசம் இடதுசாரிகளின் பிள்ளை என்பார்கள் வலதுசாரிகள். ஸ்டாலின் கட்டியது உண்மையான சோசலிசமே அல்ல, ஆகவே அந்தக் கணக்கை எங்கள் பெயரில் எழுதாதீர்கள் என்பார்கள் இடதுசாரிகள். இரு தரப்பும் பிணத்தை அடுத்த வீட்டு வாசலில் கிடத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் பார்க்கின்றன.

இடது, வலது என்ற வழக்கு 1789இல் பிரெஞ்சு தேசிய அவையில் உறுப்பினர்கள் உட்கார்ந்த வரிசையில் தொடங்கியது. மன்னரின் அதிகாரத்தைக் காக்க நினைத்தவர்கள் அவைத் தலைவருக்கு வலப்புறமும், அதைக் குறைக்க நினைத்தவர்கள் இடப்புறமும் அமர்ந்தார்கள். இத்தாலியச் சிந்தனையாளர் நொர்பெர்த்தோ பொப்பியோ 1994இல் எழுதிய சிறுநூலில் இந்தப் பிரிவை ஒரே அளவுகோலில் கொண்டுவந்து நிறுத்தினார்: சமத்துவம். மனிதருக்கிடையிலான ஏற்றத்தாழ்வு செயற்கையானது, குறைக்க வேண்டியது என்று கருதுபவர் இடது. அது இயற்கையானது, பயனுள்ளது, காக்க வேண்டியது என்று கருதுபவர் வலது. சுதந்திரம் வேறோர் அளவுகோல் என்றும், மிதவாதிகளும் தீவிரவாதிகளும் இரு பக்கத்திலும் உண்டு என்றும் அவரே பிரித்துக் காட்டினார். இதை ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்கிறது. மீதிப் பாதிக்குத் தொழிலாளர் வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும்.

1933ஆம் ஆண்டு மே முதல் நாள். ஆட்சிக்கு வந்து மூன்றே மாதமான ஹிட்லர், சோசலிஸ்டுகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த ஒன்றைக் கொடுத்தார்: மே தினத்துக்குச் சம்பளத்துடன் விடுமுறை. 'தேசிய உழைப்பு நாள்' என்று பெயர். பெர்லினில் பெரும் பேரணி நடந்தது. தொழிற்சங்கங்களின் தலைமையே உறுப்பினர்களைப் போய்க் கலந்துகொள்ளச் சொன்னது. மறுநாள் மே 2 காலையில் ஜெர்மனி முழுவதும் சங்க அலுவலகங்களுக்குள் நாஜிப் படையினர் புகுந்தார்கள். தலைவர்கள் கைதானார்கள், சங்க நிதி பறிமுதலானது. சில நாட்களில் 'ஜெர்மன் உழைப்பு முன்னணி' என்ற ஒரே அமைப்பு முளைத்தது. அதில் முதலாளியும் உறுப்பினர், தொழிலாளியும் உறுப்பினர். 1934 ஜனவரியில் வந்த சட்டம் ஆலை முதலாளியை 'ஃப்யூரர்' என்றும் தொழிலாளர்களை அவரைப் பின்தொடர்வோர் என்றுமே குறிப்பிட்டது. சோசலிசம் என்ற சொல்லைப் பெயரில் வைத்திருந்த கட்சி, ஏற்றத்தாழ்வைச் சட்டத்தின் மொழியிலேயே புனிதப்படுத்திக் காட்டியது. பொப்பியோவின் அளவுகோலில் இது வலதுதான். கட்சியின் பெயரை வைத்து வாதாடுவது வீண்வேலை.

இத்தாலியில் இதே வேலை கொஞ்சம் மெதுவாக நடந்தது. 1925 அக்டோபரில் தொழிலதிபர் கூட்டமைப்பு பாசிசச் சங்கத்தை மட்டுமே அங்கீகரிப்பதாக ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டுச் சட்டம் வேலைநிறுத்தத்தையே குற்றமாக்கியது. தேசம் ஒரே குடும்பம், குடும்பத்துக்குள் முதலாளியும் தொழிலாளியும் அடித்துக்கொள்வது துரோகம் என்பது அவர்களின் நியாயம்.

சோவியத் ஒன்றியம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. அங்கே முதலாளியே இல்லை. தொழிலாளர் பெயரில் கட்சி ஆள்கிறது. 1920-21 குளிர்காலத்தில் போல்ஷெவிக் கட்சிக்குள்ளேயே தொழிற்சங்கம் எதற்கு என்று பெரிய விவாதம் நடந்தது. தொழிலைத் தொழிற்சங்கங்களே நிர்வகிக்கட்டும் என்று கேட்டது 'தொழிலாளர் எதிரணி'. அதன் முன்னணியில் நின்ற ஷ்லியாப்னிகோவ் உலோகத் தொழிலாளியாக இருந்து வந்தவர். 1921 மார்ச்சில் கூடிய பத்தாவது மாநாடு அந்த அணியைக் கண்டித்தது, கட்சிக்குள் அணி சேர்வதையே தடை செய்தது. 1937இல் ஷ்லியாப்னிகோவ் சுட்டுக்கொல்லப்பட்டார். தொழிலாளரின் அரசே இருக்கும்போது தொழிலாளருக்குத் தனிச் சங்கம் எதற்கு என்பது இங்கே நியாயமாகச் சொல்லப்பட்டது.

நியாயங்கள் வேறு வேறு. ஆனால் ஆலைத் தளத்தில் இருந்தவனுக்கு என்ன நடந்தது? ஜெர்மனியில் 1935 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வேலைப் புத்தகம். அதை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வார். அது கைக்கு வராமல் வேறு வேலைக்குப் போக முடியாது. சோவியத்தில் 1938 டிசம்பர் ஆணைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வேலைப் புத்தகம், அதுவும் நிர்வாகத்தின் கையில். 1940 ஜூன் 26 ஆணைக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் வேலையை விட்டு நின்றால் 2 முதல் 4 மாதம் சிறை. எதிரெதிர் துருவங்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட இரு ஆட்சிகளும் ஐந்து ஆண்டுக்குள் தொழிலாளியை ஒரே மாதிரியான சிறு புத்தகத்தால் ஆலையோடு கட்டிப்போட்டன.

ஆகவே என் முடிவு இது. இடது, வலது என்பது இந்தக் கொள்கைகள் எங்கிருந்து புறப்பட்டன என்பதைச் சொல்கிறது. எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைச் சொல்வதில்லை. பாசிசம் வலதிலிருந்து புறப்பட்டது, அதை வலதுசாரி மரபு ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டாலினியம் இடதின் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது, அதை இடதுசாரி மரபு ஒப்புக்கொள்ள வேண்டும். இடதின் பொறுப்பு ஒரு விதத்தில் கனமானது என்றே சொல்வேன். உழைப்பவன் பேரில் ஆட்சிக்கு வந்து உழைப்பவனின் வாயைக் கட்டுவது வெறும் கொடுமையோடு நிற்பதில்லை. அவன் முறையிட வேறு இடமில்லாமலும் செய்துவிடுகிறது. போலந்தில் 1980 ஆகஸ்டில் கிதான்ஸ்க் நகர லெனின் கப்பல்கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் 21 கோரிக்கை வைத்தார்கள். முதல் கோரிக்கை சம்பளம் அல்ல. கட்சியையும் நிர்வாகத்தையும் சாராத சுதந்திரத் தொழிற்சங்கம். கேட்ட இடத்தின் பெயர் லெனின் கப்பல்தளம். கோரிக்கை ஏற்கப்பட்டு, அப்படி அமைந்த சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு கோடி அளவுக்கு உயர்ந்தது. 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்து அதை நசுக்கியது.

நம் ஊர் வரலாற்றுக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் இந்தக் கேள்வியைக் கேட்கிற எவரும் 1991 மே 21ஐத் தாண்டிப் போக முடியாது. ராஜீவ் காந்தியும் உடனிருந்தவர்களும் கொல்லப்பட்ட இடத்தில் நினைவிடம் நிற்கிறது. அதைச் செய்த விடுதலைப் புலிகள் இயக்கத்தை இடது-வலது வரிசையில் எங்கே வைப்பது? அதன் தொடக்ககால வெளியீடுகள் சோசலிசத் தமிழீழத்தையே இலக்காகச் சொன்னன. அதன் கோட்பாட்டாளர் அன்ரன் பாலசிங்கம் மார்க்சியம் படித்தவர். ஆனால் 1986 மே மாதம் சக தமிழ் இயக்கமான டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினம் புலிகளால் கொல்லப்பட்டார். அதே ஆண்டு முடிவதற்குள் இன்னொரு தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப். தடைசெய்யப்பட்டது. மார்க்சியம் பேசிய அந்த இயக்கத்தின் தலைவர் பத்மநாபா 1990 ஜூன் 19 அன்று சென்னைக் கோடம்பாக்கத்தில் தோழர்களோடு சுட்டுக்கொல்லப்பட்டார். 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட மருத்துவப் பேராசிரியர் ராஜினி திராணகம, 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவர். ஒரு காலத்தில் அதே இயக்கத்தோடு நின்றவர். இலங்கை ராணுவம், இந்திய ராணுவம், தமிழ் இயக்கங்கள் ஆகிய எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பதிவு செய்ததே அவர் செய்த வேலை. அவருடைய கொலைக்கு உடன் பணியாற்றியவர்கள் புலிகளையே குற்றம் சாட்டினார்கள். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள்.

இலங்கை அரசு தமிழர்மீது நடத்திய வன்முறையைத் தெரியாமல் இதைப் பேச முடியாது. ஆனால் அந்த வன்முறை, விடுதலை வரும்வரை தமிழருக்கு ஒரே குரல்தான் இருக்க வேண்டும் என்ற விதியை நியாயமாக்கவில்லை. அந்த விதி இடதுசாரிச் சொல்லாட்சியில் தொடங்கி இனத்தூய்மையில் முடிந்தது. தீவின் தெற்கே ஜே.வி.பி.யும் (மக்கள் விடுதலை முன்னணி) மார்க்சியப் பெயரோடுதான் வந்தது. அதன் ஆரம்பகால அரசியல் வகுப்புகளில் 'இந்திய விஸ்தரிப்புவாதம்' ஒரு பாடம். அந்தப் பாடத்தில் தீவின் மிக ஏழைத் தொழிலாளர்களான மலையகத் தமிழர் சந்தேகத்துக்குரியவர்களாகக் காட்டப்பட்டார்கள். 1987-89 கிளர்ச்சியில் அது சக இடதுசாரிகளையும் கொன்றது. அதே கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் தேர்தலில் வென்று ஜனாதிபதியானார். இடதுசாரிக் கொள்கை ஒருவரை முற்றதிகாரத்துக்கு இழுத்துக்கொண்டு போயே தீரும் என்பதற்கு இது எதிர்ச்சாட்சி.

அதே 2024 செப்டம்பரில், 9ஆம் தேதி, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளம், வேலைநேரம் எல்லாம் கோரிக்கைப் பட்டியலில் இருந்தாலும் மையக் கோரிக்கை ஒன்றே: மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த சி.ஐ.டி.யு. ஆதரவோடு தாங்கள் தொடங்கிய சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கத்தைப் பதிவுசெய்ய வேண்டும். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. தென்கொரியாவில் சாம்சங் பல பத்தாண்டுகள் சங்கமே இல்லாமல் நடந்தது. அதற்காக அதன் அப்போதைய துணைத் தலைவர் லீ ஜே யோங் 2020 மே 6 அன்று பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். இங்கே அப்போது ஆண்டது சமூகநீதி பேசும் தி.மு.க. அரசு. தொழிலாளர் பின்னால் நின்ற மார்க்சிஸ்ட் கட்சியோ அந்த அரசின் கூட்டணியில் இருந்தது. அக்டோபர் இரண்டாவது வாரத்தில் காவல்துறை பந்தலை அகற்றியது, பலர் கைதானார்கள். கூட்டணித் தலைவர்களே நேரில் வந்து கண்டித்தார்கள். 37ஆவது நாளில், அக்டோபர் 15 அன்று, அமைச்சர்கள் முன்னிலையில் பேச்சுவார்த்தை முடிந்து போராட்டம் விலக்கப்பட்டது. பதிவு விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவானது.

இதோடு ஷென்ஷென்னைச் சேர்த்துப் பாருங்கள். 2018 கோடையில் அங்கே ஜாசிக் என்ற வெல்டிங் இயந்திரக் கம்பெனியின் தொழிலாளர் தங்கள் ஆலையில் சங்கக் கிளை அமைக்க முயன்றார்கள். வேலை போனது, கைது நடந்தது. பீக்கிங் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களிலிருந்து மார்க்சிய மாணவர்கள் ஆதரவு தெரிவிக்க வந்தார்கள். அவர்களையும் ஆகஸ்டில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. மார்க்சியம் படித்து, மார்க்சியத்தின்படி தொழிலாளர் பக்கம் வந்த பிள்ளைகளை மார்க்சிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும் அரசே பிடித்துப் போனது. சீன அரசியலமைப்பில் 1975லும் 1978லும் இருந்த வேலைநிறுத்த உரிமை 1982இல் நீக்கப்பட்டுவிட்டது. கட்சியின் தொழிற்சங்கக் கூட்டமைப்பைத் தவிர வேறு சங்கம் அங்கே இல்லை.

சுங்குவார்சத்திரத்துக்கும் ஷென்ஷென்னுக்கும் உள்ள வித்தியாசத்தை இடது-வலது வரிசை விளக்காது. ஓர் இடத்தில் தனியார் முதலாளியும் முதலீட்டை விரும்பும் மாநில அரசும், இன்னோர் இடத்திலும் அதேதான். இங்கே பதிவாளர் தாமதித்தால் நீதிமன்றம் போக முடிந்தது. போலீஸ் கைதுசெய்தால் பத்திரிகை எழுதியது, கூட்டணிக் கட்சியே எதிர்த்தது. நடந்தது அநீதிதான், ஆனால் முற்றதிகாரம் அல்ல. பிடிக்காத ஒவ்வொரு அரசையும் பாசிசம் என்று சொல்லிப் பழகியவர்கள் இந்த வேறுபாட்டை மழுங்கடிக்கிறார்கள். அது உண்மையிலேயே வரும்போது சொல்ல நம்மிடம் சொல் மிஞ்சாது.

அந்த வேறுபாடு தானாகவும் வந்துவிடவில்லை. 1918 ஏப்ரலில் சென்னையில் பி.பி.வாடியா தலைமையில் மதராஸ் தொழிற்சங்கம் தொடங்கியது. பின்னி மில் நிர்வாகம் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே சட்ட விரோதம் ஆகிவிடும் போன்ற நிலை. அந்த அதிர்ச்சியிலிருந்து எழுந்த கோரிக்கைதான் 1926 தொழிற்சங்கச் சட்டம். சாம்சங் சங்கம் பதிவானதும் அதே சட்டத்தின் கீழ்தான். சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து 2023 மே 1 அன்று, பத்து நாள் முன்பு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய 12 மணி நேர வேலைத் திருத்தத்தைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்த்ததால் வந்த முடிவு அது. நெருக்கடி நிலையின்போது இப்படி நடக்கவில்லை. 1975 செப்டம்பரில் குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைத்தார்கள். எதிர்த்துப் பேச வேண்டிய தலைவர்கள் பலர் சிறையில். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி நெருக்கடி நிலையை ஆதரித்தது; மார்க்சிஸ்டுகளும் ஆர்.எஸ்.எஸ். காரர்களும் தி.மு.க.வினரும் சிறையில் கிடந்தார்கள். அங்கேயும் இடது-வலது கோடு உதவவில்லை.

ஆலை முதலாளியின் அதிகாரத்தையே சிலர் முற்றதிகாரத்தோடு ஒப்பிடுகிறார்கள். அமெரிக்கத் தத்துவவாதி எலிசபெத் ஆண்டர்சன் 2017இல் வெளியிட்ட நூலில், பெருநிறுவனங்களின் உள்ளமைப்பு கம்யூனிஸ்ட் சர்வாதிகாரங்களைப் போன்றது என்று வாதிட்டார்: சொத்து எல்லாம் மேலிடத்துக்கு, திட்டம் மேலிருந்து, கேள்வி கேட்க முடியாத கட்டளை. நான் இதை முழுதாக ஏற்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறவருக்கு ஊர், உறவு, கட்சி, கோயில் என்று வேறு உலகங்கள் உண்டு. வேலையையும் விடலாம்.

ஆனால் அந்தப் பஸ் ஹாஸ்டலுக்குப் போனால்? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லி அருகே தங்கியிருந்த ஹாஸ்டலில் கெட்ட உணவு சாப்பிட்டு நோயுற்றார்கள். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். யார் எங்கே சேர்க்கப்பட்டார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று அறைத்தோழிகளுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி போனிலிருந்து போனுக்குப் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து இரவெல்லாம் மறித்தார்கள். அவர்கள் கேட்டது: எங்களோடு இருந்தவர்களை எங்கள் கண்ணில் காட்டுங்கள். உள்ளே போய் விசாரித்து, திரும்பி வந்து உண்மையைச் சொல்லத் தங்களில் ஒருத்தி என்று அனுப்ப அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால் வதந்திக்கு இடமே இருந்திருக்காது. ஹன்னா ஆரென்ட் 1951இல் முற்றதிகாரத்தின் மூலங்களை ஆராய்ந்தபோது, மனிதரை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துத் தனித்தனியாக்குவதே அதற்கு நிலத்தைப் பண்படுத்துகிறது என்று கண்டார். ஓர் அறையில் பலர் படுத்திருந்தாலும் தனித்தனியாகவே இருக்க முடியும் என்பதை அந்த இரவு காட்டியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அரசு 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகளோடு குடியிருப்பு வளாகம் திறந்தது. படுக்கையும் சோறும் மேம்படும். அங்கே தங்குகிறவர்கள் தாங்களாகக் கூடிப் பேச இடம் உண்டா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்துள்ளன. பின்னி வழக்கிலிருந்து பிறந்த 1926 சட்டம் தொழில் உறவுகள் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. எந்த நிறுவனத்திலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பல சங்கங்கள் இருந்தால், ஆலையின் வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதத்தைக் காட்டும் சங்கமே நிர்வாகத்தோடு தனித்துப் பேசும். ஒரகடத்தில் ஒரே லைனில் தோளோடு தோள் நின்று வேலை செய்பவர்களில் பலர் காண்ட்ராக்ட், சிலர் அப்ரண்டிஸ். காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் காண்ட்ராக்டரின் பதிவேட்டில் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளரின் சங்கங்கள் அவரையும் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கையை வாதாடப் போகின்றனவா என்பதே இந்தத் தடத்தில் அடுத்து நடக்க வேண்டிய வழக்கு.